சிரப் ஓகே... இன்ஹேலர் மட்டும் வேண்டாமா? ஆஸ்துமா உள்ள வீடுகளில் நடப்பது என்ன?

தீபாவளிப் புகை அடங்குவதற்குள் வடகிழக்குப் பருவமழை. மழை விட்டால் மார்கழிப் பனி. பனி விலகுவதற்குள் போகி. வீட்டில் 'வீசிங்' உள்ள குழந்தையோ பெரியவரோ இருந்தால், அக்டோபரில் இருந்து ஜனவரி வரை ராத்திரித் தூக்கம் போச்சு. நள்ளிரவு 2 மணிக்கு இருமல் ஆரம்பிக்கும். குழந்தை எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கும். அம்மா சுடுதண்ணி வைப்பார், பாட்டி தைலம் தேய்ப்பார், அப்பா பைக் சாவியைத் தேடுவார்.

இது பல வீடுகளுக்குப் பழகிய காட்சிதான். ஆனால் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் சுமார் 3.4 கோடி. ஆனால், ஆஸ்துமாவால் உலகில் ஏற்படும் மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில்தான் நடக்கின்றன. 2019-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வின் மதிப்பீடு இது.

அதாவது நோய் நமக்கு மட்டும் அதிகமாக வரவில்லை. வந்த பிறகு நாம்தான் அதிகமாக உயிரிழக்கிறோம். ஏன்?

'வீசிங்தான்... ஆஸ்துமா எல்லாம் இல்ல'

முதல் சிக்கல் பெயரில் இருந்தே தொடங்குகிறது. ஈளை, இழுப்பு, இளைப்பு, இரைப்பு என்று தமிழில் இந்த நோய்க்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் 'சுவாசகாசம்' என்பார்கள். இவ்வளவு பெயர் வைத்த ஊரில், இன்று 'ஆஸ்துமா' என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல மட்டும் வீடுகள் தயங்குகின்றன. 'லேசா வீசிங்', 'சளித் தொந்தரவு', 'அலர்ஜி' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குழந்தைக்கு அடிக்கடி இருமல் வந்தால், 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று சரியான பரிசோதனை இல்லாமலே முடிவுகட்டி, ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்த கதை நிறைய குடும்பங்களில் உண்டு.

குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் அமைப்பு இந்தியாவில் ஒன்பது மையங்களில் 1.27 லட்சம் பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022-ல் வெளியானது. தீவிர ஆஸ்துமா அறிகுறிகள் இருந்தவர்களிலேயே 70 சதவீதம் பேருக்கு 'உங்களுக்கு ஆஸ்துமா' என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வீசிங் உள்ளவர்களில் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு. நோய் கண்டறியப்பட்டவர்களில் இந்த அளவு 37 சதவீதம் வரை உயர்ந்தது. பெயரைச் சொன்னால்தான் மருந்தும் வருகிறது.

அதே நேரம், ஐந்து வயதுக்குள் வரும் எல்லா வீசிங்கும் ஆஸ்துமா கிடையாது. வைரஸ் தொற்றால் மட்டும் இளைப்பு வந்து, பள்ளிக்கூட வயதில் தானாகவே நின்றுபோகும் குழந்தைகள் நிறைய. சளி இல்லாத நாளிலும் ராத்திரி, விடியற்காலையில் இருமல் வருகிறதா? ஓடினால், சிரித்தால், அழுதால் இருமுகிறதா? அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமாவோ, குழந்தைக்குத் தோல் அரிப்போ தும்மலோ இருக்கிறதா? டாக்டரிடம் போகும் முன் இதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டால், அவர் முடிவெடுப்பது சுலபம். ராத்திரி இளைக்கும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். காலையில் கிளினிக் போகும் நேரம் பார்த்து நெஞ்சு சுத்தமாக இருக்கும், 'ஒண்ணும் இல்லையே' என்று திரும்பி வந்துவிடுவோம்.

இரண்டு பிரச்சனை, இரண்டு மருந்து

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்க்குள் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, உள்சுவர் வீங்கிச் சிவந்து சளி சுரப்பது. இது அறிகுறி இல்லாத நாளிலும் மெதுவாகப் புகைந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, தூசு, புகை, குளிர் ஏதாவது ஒன்று பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்வது. அப்போதுதான் 'கொய்ங்' என்ற அந்தச் சத்தம்.

தசையைத் தளர்த்துவது சால்பியூட்டமால். பெரும்பாலும் நீல நிறத்தில் வரும் இன்ஹேலர். சில நிமிடங்களில் மூச்சு விடலாம். வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். போட்ட உடனே எதுவும் தெரியாது, முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் வீட்டில் நீலம் மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும், மற்றொன்று ஃபிரிட்ஜ் மேலே தூசு படிந்து கிடக்கும்.

இதில்தான் ஆபத்து. வீக்கம் அப்படியே இருக்க, தசையை மட்டும் தளர்த்திக்கொண்டே போனால், ஒருநாள் நீல மருந்து கேட்காமல் போகும். ஆஸ்துமா சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டு அமைப்பான 'ஜினா', 2019-ல் தன் பழைய நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டோருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கும் சிகிச்சை இனி வேண்டாம் என்றது. லேசான ஆஸ்துமா என்று நினைத்தவர்களுக்கும் திடீரென உயிருக்கு ஆபத்தான தாக்குதல் வருவதுதான் காரணம். இப்போது இரண்டு மருந்தும் ஒரே இன்ஹேலரில் (புடசொனைடு, ஃபார்மோடெரால் கலவை) கிடைக்கிறது. உங்கள் சீட்டில் நீலம் மட்டும்தான் இருக்கிறது என்றால், அடுத்த தடவை டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

மாத்திரை 'மைல்டு', இன்ஹேலர் 'ஸ்ட்ராங்'?

'இன்ஹேலர் போட்டா பழகிடும். அது கடைசி ஸ்டேஜ்ல போடறது. இப்போதைக்கு மாத்திரை, சிரப் போதும்.' தமிழ்நாட்டில் இந்த வசனம் இல்லாத வீடு குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் என்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் ஒரு மாத்திரை 2 மில்லிகிராம் அல்லது 4 மில்லிகிராம். அதாவது சின்ன மாத்திரையே 20 பஃப்புக்குச் சமம், பெரியது 40 பஃப். அவ்வளவும் வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில்தான் நுரையீரலுக்கு வருகிறது. மாத்திரையோ சிரப்போ குடித்தபின் கை நடுங்குவது, நெஞ்சு படபடப்பது, குழந்தை தூங்காமல் துள்ளுவது எல்லாம் இதனால்தான். எது மைல்டு, எது ஸ்ட்ராங் என்று நீங்களே சொல்லுங்க.

அடுத்து 'பழகிடும்' என்பது. போதைக்குப் பழகுவதுபோல உடம்பு இன்ஹேலருக்குப் பழகுவதில்லை. நிறுத்தினால் திரும்ப வருகிறதே என்றால், நோய் நாள்பட்டது, மருந்து அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது என்றுதான் அர்த்தம். கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது, அதற்காகக் கண்ணாடிக்கு அடிமையாகிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லையே.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயப்படுவதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. குழந்தைப் பருவத்தில் நாலைந்து வருடம் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களைப் பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்த ஒரு அமெரிக்க ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களின் உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைவாக இருந்தது. ஒரு சென்டிமீட்டர் சொச்சம். மறுபக்கம், இன்ஹேலர் எடுக்காமல் மாதம் ஒரு தடவை மூச்சிரைத்து, ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போடும் குழந்தையின் உடம்பில் சேரும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஏனெனில் அது மில்லிகிராம் கணக்கு, இது மைக்ரோகிராம் கணக்கு. இன்ஹேலர் போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்பினால், வாய்ப்புண் வருவதையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

விலை ஏறியது எதற்கு?

2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் எட்டு மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50 சதவீதம் உயர்த்த அனுமதித்தது. அந்தப் பட்டியலில் சால்பியூட்டமால் 2 மி.கி., 4 மி.கி. மாத்திரைகளும், நெபுலைசரில் ஊற்றும் 5 மி.கி. கரைசலும் இருந்தன. மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, இந்த விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனங்கள் உற்பத்தியை நிறுத்தக் கேட்டன என்பது அரசு சொன்ன காரணம்.

அப்போது 'ஆஸ்துமா மருந்து விலை 50% உயர்வு' என்று செய்திகள் பறந்தன. உண்மையில் அந்த மாத்திரை, உயர்வுக்குப் பிறகும் ஒன்று ஒரு ரூபாயைத் தாண்டாத விஷயம். மாத்திரை ஏன் இன்னும் விற்கிறது என்பதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. இன்ஹேலர் என்றால் ஒரே தடவையில் நூறு ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். 200 பஃப் வருமே, கணக்குப் பார்த்தால் மலிவுதானே என்று சம்பளக்காரர் சொல்லலாம். நாள்கூலிக்குப் போகிறவர் கையில் அன்றைக்கு இருப்பது பத்து மாத்திரைக்கான காசு. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் (2022) ஸ்டீராய்டு இன்ஹேலர், கலவை இன்ஹேலர் இரண்டுமே இருக்கின்றன. பட்டியலில் இருப்பது வேறு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் கைக்குக் கிடைப்பது வேறு. கேள்வி கேட்க வேண்டியது மாத்திரை விலையைப் பற்றி அல்ல, இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் 'கோல்ட்ரிஃப்' இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப்பே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியதும் அப்போதுதான்.

அந்த விவகாரம் நச்சைப் பற்றியது. ஆனால் நச்சே இல்லாத நல்ல சிரப்பும், ஆஸ்துமா இருமலுக்கு வீக்கத்தைக் குறைக்கும் மருந்து இல்லை. இருமலை அடக்குகிறது, தூங்க வைக்கிறது, நோய் உள்ளே அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, சீட்டே இல்லாமல் பலரும் வாங்கும் மான்டெலுகாஸ்ட், லீவோசெட்ரிசின் கலவை மாத்திரை. தும்மல் வந்தாலே இதுதான். மான்டெலுகாஸ்ட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கொடுத்தது. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம். வெறும் மூக்கு அலர்ஜிக்கு மற்ற மருந்து கேட்காதபோது மட்டும் கொடுங்கள் என்றது. எல்லாருக்கும் வரும் என்பதில்லை. டாக்டர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் மாத்திரை ஆரம்பித்த பிறகு குழந்தை ராத்திரி அலறி எழுந்தால், 'ஏதோ பயந்துட்டான்' என்று மந்திரிக்கக் கூட்டிப் போகும் முன் டாக்டருக்கு ஒரு போன் போடுங்க.

பெரியவர்கள் கவனிக்க ஒன்று. மூட்டு வலிக்கு வாங்கும் சில வலி மாத்திரைகள் (ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை), கண் அழுத்தத்துக்குத் தாத்தா விடும் டிமோலால் சொட்டு மருந்துகூட சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் 'எனக்கு ஆஸ்துமா' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கர்ப்பமானதும் இன்ஹேலரை நிறுத்துவதும் தவறு. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாதான் குழந்தையின் எடையைப் பாதிக்கும்.

வாழைப்பழத்தை விடுங்க, கொசுவர்த்தியைப் பாருங்க

நம்ம வீடுகளில் வீசிங் என்றதும் முதலில் தடை விழுவது வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு மீது. ஒரு குறிப்பிட்ட உணவு சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் இளைப்பு வந்தால் சரி, நிறுத்தலாம். இல்லையென்றால் பழம் கிடைக்காமல் போகும் குழந்தைக்குத்தான் நஷ்டம்.

அதே குழந்தை ராத்திரி ஜன்னல் சாத்திய அறையில் கொசுவர்த்திச் சுருளுக்குப் பக்கத்தில் தூங்கும். இதை யாரும் கேட்பதில்லை. சீனா, மலேசியாவில் விற்ற சுருள்களை வைத்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டுக் கொசுவை வைத்துக்கொண்டு சுருளை மட்டும் அணைக்கச் சொன்னால் டெங்குவுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். கொசுவலை இருக்கிறது. கட்டுவது தொல்லை, புழுக்கம், எல்லாம் உண்மை. ஆனால் புகையும் இல்லாமல், தூங்கும் நேரத்தில் கொசுக்கடியையும் தடுப்பது அது.

சாம்பிராணி இன்னும் சிக்கல். குழந்தையைக் குளிப்பாட்டி, கூடைக்கு மேலே தலைமுடியைக் காட்டி உலர்த்துவது பாசத்தோடு செய்வது. பாட்டியிடம் 'அது விஷம்' என்று சண்டைக்குப் போனால் வேலைக்கு ஆகாது. துண்டால் துவட்டும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டு, சாம்பிராணியைக் குழந்தை இல்லாத நேரத்தில், ஜன்னலைத் திறந்துவிட்டு, சாமி ரூமோடு நிறுத்திக்கொள்வது நடைமுறைக்கு வரும். மிளகாய் தாளிக்கும் நேரத்திலும் இதே கதைதான். எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாவிட்டால் குழந்தையை வாசல் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

தூசு என்றால் நாம் ரோட்டைப் பார்க்கிறோம். அலர்ஜிக்கு முக்கியமான தூசுப்பூச்சி இருப்பது தலையணையிலும் மெத்தையிலும்தான். கண்ணுக்குத் தெரியாது. நம்ம தோலில் உதிரும் செதிலைத் தின்று வாழும். உறை, போர்வையை வாரம் ஒருமுறை கொதிக்கும் அளவுக்குச் சூடான நீரில் ஊறவைத்துத் துவைப்பதும், பஞ்சு மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போடுவதும் காசு கேட்காத வேலைகள். மழைக்காலத்தில் சுவரில் பூக்கும் பூசணம், கிச்சனில் கரப்பான் எச்சம் இரண்டும் அலர்ஜியைக் கிளப்புபவை. கரப்பானுக்கு ஸ்ப்ரே அடித்தால் அந்த நெடியே இளைப்பைக் கொண்டுவரும். மூலையில் வைக்கும் ஜெல் பரவாயில்லை. பொங்கலுக்குப் பரண் தட்டும் நாளில் ஆஸ்துமாக்காரரை உதவிக்குக் கூப்பிடாதீங்க, ப்ளீஸ்.

வாடகை வீட்டில் சுவர் ஒழுகினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் எந்த மருத்துவக் கையேட்டிலும் பதில் இல்லை. கட்டிலை அந்தச் சுவரில் இருந்து தள்ளிப் போடலாம், அவ்வளவுதான்.

போகி, தீபாவளி நாட்களில்...

2018 போகி அன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7 மணி, இரவு 7 முதல் 8 மணி என்று பட்டாசு நேரம் இருக்கிறது. எத்தனை தெருவில் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஒரு நாள் மாஸ்க் போடுவதைவிட, அதற்கு முந்தைய ஒரு மாதம் தடுப்பு இன்ஹேலரை ஒருநாள்கூட விடாமல் போடுவதுதான் பெரிய பாதுகாப்பு.

போடும் முறை சரிதானா?

ஸ்ப்ரே வகை இன்ஹேலரை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பவுடர் கேப்சூல் வகையை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பலர் மாற்றிச் செய்கிறார்கள். கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்களும் உண்டு. ஸ்ப்ரே என்றால் பெரியவர்களுக்கும் ஸ்பேஸர் நல்லது. குட்டிக் குழந்தைக்கு மாஸ்க் வைத்த ஸ்பேஸர் கட்டாயம். ஸ்பேஸர் கைவசம் இல்லாத அவசரத்தில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டும் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகளிடம் சோதித்து 1999-ல் வெளியான ஆய்வில், ஓரம் அடைத்த இப்படிப்பட்ட பாட்டில் கடையில் வாங்கும் ஸ்பேஸர் அளவுக்கே வேலை செய்தது.

தினம் காலை இரண்டு, இரவு இரண்டு பஃப் என்றால் 200 பஃப் டப்பா 50 நாளில் காலி. ஆரம்பித்த தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதுங்கள். குலுக்கினால் சத்தம் வருகிறதே என்று நம்ப வேண்டாம். மருந்து தீர்ந்தபிறகும் வாயு வரும்.

இரவு 2 மணிக்கு என்ன செய்வது?

படுக்க வைக்க வேண்டாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேஸரில் பொருத்தி ஒரு பஃப், நாலு மூச்சு. இப்படி ஒவ்வொன்றாக நாலு பஃப். நாலு நிமிடம் பாருங்கள். குறையவில்லையா, மறுபடி நாலு பஃப். அப்போதும் குறையாவிட்டால் 108-க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை இதையே தொடருங்கள். (கலவை இன்ஹேலர் எடுப்பவர்களுக்கு எத்தனை என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி, பீரோ கதவில் ஒட்டி வையுங்கள்.)

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, மூக்கு விரிகிறது, உதடு நீலம் பூக்கிறது என்றால் எதற்கும் காத்திருக்காமல் உடனே 108.

இன்னொரு விஷயம், ரொம்ப முக்கியம். மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த குழந்தையின் வீசிங் சத்தம் திடீரென அடங்கி, குழந்தையும் சோர்ந்துபோனால் 'அப்பாடா, குறைஞ்சிடுச்சு' என்று படுக்க வைத்துவிடாதீர்கள். சத்தம் வருவதற்குக்கூட காற்று உள்ளே போகவில்லை என்று அர்த்தம். வீட்டில் நெபுலைசர் இருக்கிறது என்ற தைரியத்தில் விடியட்டும் என்று காத்திருப்பதும் இப்படித்தான் முடிகிறது.

ஸ்கூல் பேக்கும் ஜாதகமும்

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தாலும் குழந்தை எட்டு மணி நேரம் இருப்பது பள்ளியில். இன்ஹேலரை ஆபீஸ் ரூம் பீரோவில் பூட்டி வைத்தால், விளையாட்டுப் பிரியடில் இளைக்கும் குழந்தைக்கு அது உதவாது. பேக்கிலேயே இருக்கட்டும். கிளாஸ் டீச்சர், பி.டி. மாஸ்டர் இருவருக்கும் எப்படிப் போடுவது என்று ஒருமுறை நேரில் காட்டிவிட்டு, போன் நம்பர் எழுதிய சீட்டையும் அதோடு வையுங்கள். விளையாடவே விடாதீங்க என்று கேட்க வேண்டியதில்லை. கட்டுப்பாட்டில் இருக்கும் ஆஸ்துமாவுக்கு ஓட்டம் தடையில்லை.

வளர்ந்த பெண்களுக்கு வேறு கதை. வரன் பார்க்கும் நேரத்தில் 'பொண்ணுக்கு வீசிங்'னு தெரியக் கூடாது என்று மறைக்கிறார்கள். கல்யாணமாகிப் போன வீட்டில், பாத்ரூமுக்குள் ஒளிந்து நின்று இன்ஹேலர் போடும் மருமகள்கள் இருக்கிறார்கள். மறைத்துப் போடுவதில் முதலில் விட்டுப்போவது தினசரி மருந்துதான், நீலம் கைப்பையில் தங்கிவிடும். மாமியார் வீட்டில் சர்க்கரை மாத்திரை டப்பா டைனிங் டேபிளிலேயே இருக்கும். அதன் பக்கத்தில் இன்ஹேலருக்கும் ஒரு இடம் கேட்டு வாங்குவது, பெண் வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டிய விஷயம்.